கோப்பின் தலையில் ஒரு சுழி

உலகம் நெருப்பால் நாகரிகம் அடையவில்லை, சக்கரத்தாலும் அடையவில்லை. ஒரு வரியைத் தொடங்குமுன் மனிதன் என்றைக்கு இடப்பக்கம் கொஞ்சம் இடம் விட்டானோ, அன்றைக்குத்தான் அவன் விலங்கினத்திலிருந்து பிரிந்தான்.

இதைச் சொன்னவர் புகழேந்தி. சொன்ன இடம், வேங்கிக்காலில் ஒரு மெத்தைக் கடையின் மாடியில் இயங்கும் நந்திமுக இன்ஃபோடெக். கேட்டவர்கள் மூன்று பேர். முதலாளி கண்ணாயிரம் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அங்கே வேலை பார்க்கும் கவிநிலா, காதில் இயர்போன் செருகியிருந்தது தெரியாதபடி முடியை முன்னால் விட்டிருந்தாள். மூன்றாமவர் தண்ணீர் கேன் போட வந்தவர். பாதிப் பேச்சில் கிளம்பினால் மரியாதையாக இருக்குமோ இருக்காதோ என்று நின்றுவிட்டார்.

"புரிஞ்சுதா?" என்றார் புகழேந்தி.

"புரிஞ்சுதுங்க சார். இன்னொரு காலி கேனு எங்க?" என்றார் தண்ணீர்க்காரர்.

புகழேந்தி அடி அண்ணாமலைக்காரர். சென்னையில் சில கம்பெனிகளில் இருந்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். அங்கே அவர் கற்றுக்கொண்டது ஒரே ஒரு விஷயம். ஆனால் அதைக் கரைத்துக் குடித்திருந்தார். தரவுக் கோப்பை எப்படி அடுக்கி எழுதுவது என்பதுதான் அது. கோப்பு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. எந்த ஊர், எந்த நிறுத்தம், எத்தனை இருக்கை என்று பெயரும் விவரமும் ஜோடி ஜோடியாக வளைந்த அடைப்புக்குறிக்குள் கிடக்கும். ஒரே வரியில் மூச்சு விடாமல் எழுதினாலும் இயந்திரம் படித்துவிடும். வரிவரியாகப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்றை உள்ளே தள்ளி, படிக்கட்டு மாதிரி எழுதினாலும் படித்துவிடும். இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். புகழேந்திக்கு முதலாவது காட்டுமிராண்டித்தனம், இரண்டாவது கோபுர தரிசனம்.

இந்த ஒழுங்கு அவரிடம் கோப்போடு நிற்கவில்லை. கல்யாணப் பந்தியில் உப்பும் ஊறுகாயும் கூட்டும் இலையின் ஓரத்தை ஒட்டி ஒரே நேராக வராவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பரிமாறுகிறவர் நகர்ந்ததும் ஊறுகாயை விரலால் இழுத்து வரிசையில் சேர்ப்பார். அடுத்த இலைக்காரருடையதையும் சேர்த்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

கண்ணாயிரத்துக்கு இந்தத் தொழிலின் உள்விவரம் தெரியாது. கீழ்பென்னாத்தூரில் கடலை எண்ணெய்ச் செக்கு வைத்திருந்தவர். மகன் படித்துவிட்டு வெளிநாடு போனதும், மகனுக்காக வாங்கிய கணினிகளை என்ன செய்வதென்று தெரியாமல் கம்பெனி ஆரம்பித்தார். ஆனால் ஆளை எடை போடுவதில் கெட்டிக்காரர். சத்தமாகப் பேசுகிறவனுக்கு விஷயம் தெரிந்திருக்கும், இல்லாவிட்டால் இவ்வளவு சத்தம் வருமா என்பது அவர் கணக்கு.

அலுவலகத்தின் கிழக்கு மூலையில் அவர் ஒரு கண்ணாடி அறை கட்டி வைத்திருந்தார். உள்ளே ஒரு சுழல் நாற்காலி, அதற்கு இன்னும் பாலித்தீன் உறை பிரிக்கவில்லை. "வர்ற பௌர்ணமிக்கு வேன் ஸ்டேண்டுல போர்டு எரியணும் புகழு. எரிஞ்சுதுன்னா இந்த ரூமு உனுக்கு. நீதான் இங்க ஹெட்டு" என்று சொல்லியிருந்தார்.

எரியாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. புகழேந்தியும் கேட்கவில்லை, அப்படியொரு நிலை வரலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. 'புகழேந்தி, தலைமைத் தரவு வடிவமைப்பாளர்' என்று பித்தளையில் பெயர்ப்பலகை அடித்து, நாளிதழில் சுற்றி, மேசைக்கு அடியில் தயாராக வைத்திருந்தார். வீட்டிலும் சொல்லியாயிற்று. அவர் மனைவி தனம் தெருவில் சொல்லியாயிற்று. அடி அண்ணாமலையில் ஒரு செய்தி தெருவுக்கு வந்துவிட்டால் மலையைச் சுற்றிக்கொண்டு திரும்ப வீட்டுக்கே வரும். வரும்போது அந்த அறைக்கு ஏசி வந்திருந்தது.

போர்டு என்பது கீழ்பென்னாத்தூர் வேன் உரிமையாளர்கள் கேட்டது. பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிற கூட்டத்தில் எந்த வேன் எந்த நிறுத்தத்தில் நிற்கிறது, எங்கே போகிறது, இடம் இருக்கிறதா என்று ஒரு பெரிய திரையில் ஓட வேண்டும். அவர்களுடைய தலைவி ராஜம்மாள். சொந்தமாக வேன் ஓட்டி, பிறகு வேன்களை ஓட்டவைத்து, இப்போது ஓட்டுகிறவர்களை ஓட்டிக்கொண்டிருக்கிறவர்.

போர்டுக்கான கோப்பைக் கவிநிலா எழுதினாள். அவள் வழக்கப்படி ஒரே வரி. திரையில் திறந்தால் வலப்பக்கமாக ஓடி, சுவரைத் தாண்டி, மெத்தைக் கடை போர்டையும் தாண்டிப் போய்விடும் போலிருந்தது.

"என்னம்மா இது? ரயிலா?" என்றார் புகழேந்தி.

"போர்டுக்குக் கண்ணு கெடையாது சார். அது படிச்சுக்கும்."

"மனுஷனுக்குக் கண்ணு இருக்கேம்மா!"

"மனுஷன் எதுக்கு சார் இதப் படிக்கணும்?"

புகழேந்தி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வரியை உடைத்தார். ஒவ்வொரு வேனையும் தனித்தனியே இறக்கினார். ஊர் ஒரு வரி, நிறுத்தம் ஒரு வரி, இருக்கை ஒரு வரி. ஒரு பொத்தானை அழுத்தினால், கோப்பு எழுதுகிற மென்பொருளான எடிட்டரே செய்துவிடும் வேலை. ஆனால் அவர் அந்தப் பொத்தானை நம்பியதில்லை. அழுத்திவிட்டு, பிறகு கையால் சரிபார்ப்பார்; சரியாக இருந்தாலும் ஒரு இடைவெளியை அழித்து மறுபடி போடுவார்.

அதற்குப் பலன் இல்லாமல் போகவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வரிவரியாக விரிந்ததும் அடி அண்ணாமலை வேனும் கீழ்பென்னாத்தூர் வேனும் ஒரே நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது பளிச்சென்று கண்ணில் பட்டது. ஓட்டமாக எழுதியபோது அது யாருக்கும் தெரியவில்லை. அப்படியே போயிருந்தால் கீழ்பென்னாத்தூருக்கு நெல் அறுக்கப் போக வேண்டியவர்கள் மலையைச் சுற்றியிருப்பார்கள்.

"பாத்தியா?" என்றார்.

கவிநிலா பார்த்தாள். "ஆமா சார். நல்ல வேள" என்று ஒப்புக்கொண்டு, தன் ஒற்றை வரிக் கோப்பிலும் அந்த இடத்தைத் தேடித் திருத்திக்கொண்டாள். புகழேந்திக்கு அன்று ஊறுகாய் எங்கே இருந்தாலும் சோறு இறங்கியிருக்கும்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. கோப்பு அத்தனை அழகாக இருந்ததால் புகழேந்தி முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினார். கம்பெனி தொடங்கியதிலிருந்து கண்ணாயிரம் ஒரு கோப்பையும் படித்ததில்லை. இதைப் படித்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றி, உதட்டை அசைத்து, மேலிருந்து கீழே வரை படித்தார். அடைப்புக்குறியைக்கூட விடவில்லை.

"அட, நம்ம ஊரு பேரெல்லாம் இருக்குதேப்பா! எனுக்கே புரியுது!"

"அதுதான் சார் ஒழுங்கு. முதலாளி படிக்க முடியாத கோப்பு கோப்பே இல்ல."

"அருமை. ஆனா ஒண்ணு கம்மியா இருக்குதே." கண்ணாயிரம் திரையின் உச்சியில் விரலை வைத்தார். "மேல சுழி எங்க?"

"எது சார்?"

"புள்ளையார் சுழிப்பா. செக்கு சிட்டையில இருந்து கரண்ட் பில்லு கவரு வரிக்கும் நான் சுழி போடாம எழுதுனது கெடையாது. பௌர்ணமில தொடங்கற காரியம், சுழி இல்லாமயா?"

இந்த வகைக் கோப்பில் முதல் அடைப்புக்குறிக்கு வெளியே ஒரு புள்ளிகூட வைக்க முடியாது. அது புகழேந்திக்குத் தெரியும், அல்லது ஒருகாலத்தில் தெரிந்திருந்தது. ஆனால் இத்தனை காலம் கழித்துத் தன் கோப்பைப் படித்த ஒரே மனிதரிடம், அதுவும் அறையின் சாவி வைத்திருக்கிற மனிதரிடம், 'முடியாது' என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை.

"மறந்துட்டேன் சார். இதோ" என்று உச்சியில் இரண்டு சாய்கோடு போட்டுப் பக்கத்தில் 'உ' என்று தட்டினார். எழுதியவர் தனக்கென்று வைத்துக்கொள்ளும் குறிப்பு, இயந்திரம் அதைப் படிக்க வேண்டாம் என்பதற்கு அந்தச் சாய்கோடுகள் அடையாளம். உடனே அதன் கீழே, தவறு என்று சிவப்புக் கோடு நெளிந்தது. புகழேந்தி எடிட்டரின் மூலையைத் தட்டி, குறிப்புகளையும் ஏற்றுக்கொள்கிற வகை என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். சிவப்பு மறைந்தது. சிவப்பு மறைந்ததும் தவறும் மறைந்துவிட்டதாகப் புகழேந்தி எடுத்துக்கொண்டார். சுழி பச்சை எழுத்தில் பிள்ளையார் மாதிரியே உட்கார்ந்திருந்தது.

கண்ணாயிரம் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

"சார்" என்றாள் கவிநிலா மெல்ல. "உங்க எடிட்டரு ஒத்துக்குது. போர்டு ஒத்துக்காது சார். அதுல வேற மாதிரி படிக்கும்."

"என் எடிட்டர்ல எங்கியாவது செவப்பு தெரியுதா?"

"அதுல தெரியாது சார். அத நீங்கதான சமாதானம் பண்ணிட்டீங்க."

"ஒரு நல்ல கருவி ஒத்துக்கிட்டா எல்லாக் கருவியும் ஒத்துக்கும்மா. ஒழுங்குன்றது உலகப் பொது."

"இல்லன்னா உள்ள வெச்சிடலாம் சார். ஊரு, நிறுத்தம் மாதிரி, 'சுழி'ன்னு ஒரு பேரு, பக்கத்துல 'உ'. போர்டு கண்டுக்காது."

புகழேந்தி எழுந்து நின்றார். "புள்ளையார வேன் சீட்டோட ஒக்காத்தி வெக்கறதா? அடைப்புக்குறிக்குள்ள? அவரு மேலதாம்மா இருக்கணும். அதுவுமில்லாம வரிசை கெட்டுடும்."

கவிநிலா முடியை முன்னால் விட்டுக்கொண்டாள்.

பௌர்ணமி அன்று காலை வேன் ஸ்டேண்டில் போர்டுக்கு மாலை போட்டிருந்தார்கள். தேங்காய் உடைத்தாயிற்று, கற்பூரம் காட்டியாயிற்று. டிரைவர்கள், கண்டக்டர் வேலை பார்க்கிறவர்கள், முன்னதாகவே வந்துவிட்ட வெளியூர்க்காரர்கள் என்று நல்ல கூட்டம். தனம் அடி அண்ணாமலையிலிருந்து தன் தெருவின் கணிசமான பகுதியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். புகழேந்தி வெள்ளைச் சட்டையில் நின்று, மடிக்கணினியை ஒரு வேனின் முன்பக்கத்தில் வைத்து, தொண்டையைச் செருமினார்.

"தரவு என்பது ஒரு கோயில்..." என்று தொடங்கினார்.

"தம்பி, சுவிச்ச போடு" என்றார் ராஜம்மாள்.

போட்டார். திரை வெளுத்தது. நடுவில் ஒரு சின்ன வட்டம் தோன்றிச் சுற்ற ஆரம்பித்தது. வேறு எதுவும் வரவில்லை. வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

கூட்டம் கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்தது. பிறகு முன்வரிசையில் நின்ற ஒரு டிரைவர் உன்னிப்பாகக் கவனித்துவிட்டு, "வலமாத்தான்டா சுத்துது!" என்றார். அது பரவியது. செங்கம் பக்கமிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் கை கூப்பியது. ஒரு பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "மலையக் காட்டலியே, சுத்தறது மட்டும் காட்டறாங்களே" என்று பக்கத்தில் விசாரித்தார். "மலை நடுவுல இருக்குதும்மா, வெள்ளையா தெரியுது பாரு" என்று பதில் வந்தது. யாரோ கற்பூரத் தட்டை இன்னொரு முறை காட்டினார்கள்.

கண்ணாயிரத்துக்கே ஒரு கணம் கண் கலங்கிவிட்டது.

ராஜம்மாளுக்குக் கலங்கவில்லை. "இன்னா தம்பி இது, சுத்திகினே கீது?"

"தரவு வந்துக்கிட்டிருக்குங்க."

"வந்துகினு இருக்குதுன்னா எங்க வந்துகினு இருக்குது? போளூரு தாண்டிடுச்சா?"

கூட்டம் சிரித்தது. புகழேந்தியும் சிரித்தார், தலைமைக்கு வரப்போகிறவர் சிரிக்கிற மாதிரி, உதட்டோடு. மடிக்கணினியில் கோப்பைத் திறந்தார். வரிசை பிசகாமல் அப்படியே இருந்தது. இருந்தாலும் எல்லா வரிகளையும் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார். அனுப்பினார். வட்டம் சுற்றியது. தள்ளியதைத் திரும்ப வெளியே இழுத்தார். அனுப்பினார். வட்டம் சுற்றியது. ஒரு காற்புள்ளியை அழித்து, அதே இடத்தில் அதே காற்புள்ளியைப் போட்டார்.

"சார், அந்த ஒரு வரிய எடுத்துடுங்க, வந்துடும்" என்றாள் கவிநிலா, பக்கத்தில் வந்து.

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். கண்ணாயிரம் காது அந்த நேரம் பார்த்து வேலை செய்தது.

"எந்த வரி?"

கவிநிலா மடிக்கணினித் திரையின் உச்சியைக் காட்டினாள்.

"சுழியையா? பௌர்ணமி அன்னிக்கி, கற்பூரம் காட்டுனதுக்கு அப்புறம், புள்ளையார எடுக்கறதா? புகழு, உன் எடிட்டரு ஒத்துக்கிச்சுன்னு சொன்னியே!"

புகழேந்தியின் கண்முன்னே கண்ணாடி அறை ஒரு முறை வந்து போனது. நாற்காலியின் பாலித்தீன் உறை காற்றில் படபடத்தது. அதற்கு அப்பால் தனமும் தெருவும் நின்றுகொண்டிருந்தார்கள். வரியை எடுத்தால் முதலாளி போவார். எடுக்காவிட்டால் போர்டு போகும். இரண்டில் எது போனாலும் அறை போகும். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு எந்தப் பக்கம் எவ்வளவு இடம் விடுவது என்று தெரியவில்லை.

"இது சாஸ்திரப்படி ஒரு சிக்கல் சார்" என்றார். "ஒரு பக்கம் ஒழுங்கு, ஒரு பக்கம் பக்தி..."

"யோவ், இருய்யா" என்றார் ராஜம்மாள். நடந்ததைக் கவிநிலாவிடம் இரண்டு வார்த்தையில் கேட்டுக்கொண்டார். பிறகு கண்ணாயிரத்திடம் திரும்பினார். "யண்ணே, புது வேன் எடுத்தா பொட்டு எங்க வெப்பீங்க? கண்ணாடி மேலயா, எஞ்சினு உள்ளயா?"

"கண்ணாடி மேலதான்."

"பெட்ரோல் டேங்குல கொழச்சி ஊத்துவீங்களா?"

"அது எப்பிடிம்மா ஓடும்?"

"அதேதான் இதுவும்." பூஜைத் தட்டிலிருந்து சந்தனத்தை எடுத்து, ஒரு வேனின் படியில் ஏறி, போர்டின் சட்டத்தில், திரைக்கு மேலே நட்டநடுவில், பெரிதாக ஒரு சுழி போட்டார் ராஜம்மாள். அதன்மேல் குங்குமம் வைத்தார். "மேலதான இருக்கணும்? இதுக்கு மேல எங்க? இப்ப உள்ள கீறத எடுங்க."

கண்ணாயிரம் அண்ணாந்து பார்த்தார். கோப்பிலிருந்ததைவிடப் பெரிய சுழி, ரோட்டிலிருந்தே தெரிகிறது. முகம் மலர்ந்தது. "எடுப்பா புகழு, எடு."

புகழேந்தி எல்லோரும் பார்க்கும்படி விரலை உயர்த்தி, அந்த வரியை அழித்தார். "கவிநிலா, அனுப்பும்மா" என்றார், கட்டளை இடுகிற தோரணையில்.

கவிநிலா கையிலிருந்த போனில் ஏதோ தட்டினாள். "அனுப்பிட்டேன் சார்."

வட்டம் நின்றது. செங்கம் குடும்பத்துக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அடுத்த கணம் திரை முழுக்க எழுத்து பூத்தது. கீழ்பென்னாத்தூர், இரண்டாவது நிறுத்தம், இடம் உண்டு. அடி அண்ணாமலை, மூன்றாவது நிறுத்தம், இடம் இல்லை. ஒன்றன்கீழ் ஒன்றாக, கட்டம் கட்டமாக, ஊறுகாய் வைத்த இலை மாதிரி. டிரைவர்கள் விசில் அடித்தார்கள். "எங்க வண்டி வந்துடுச்சுடா!" என்று ஒருவர் தன் வேன் பெயரைப் போட்டோ எடுத்தார், வேன் அவருக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தது.

புகழேந்திக்குத் தன் குரல் திரும்பக் கிடைத்தது. "இதைத்தான் நான் ஆரம்பத்துலேர்ந்து சொல்லிக்கிட்டு வர்றேன். உள்ள இருக்கறது உள்ள, மேல இருக்கறது மேல. பாருங்க அந்த வரிசையை! கோப்புல எப்படி அடுக்கறோமோ அப்படித்தான் போர்டுல வரும்."

"அப்பிடியா?" என்றார் கண்ணாயிரம், பிரமித்து.

அப்படி இல்லை, திரையில் கட்டம் கட்டுவது போர்டின் வேலை. கவிநிலா வாயைத் திறந்தாள், பிறகு யாரோ நீட்டிய பொங்கலை வாங்கிக்கொண்டாள்.

"இந்தத் தம்பி நல்லா பேசறாரு. வேன் ஓட்டுனா டிக்கெட்டே கேக்க வேணாம், பேச்சு கேட்டு முடிக்கறதுக்குள்ள ஊரு வந்துடும்" என்றார் ராஜம்மாள். தனம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தெருவுக்கு விளக்கினாள்.

அடுத்த நல்ல நாளில் புகழேந்தி அறைக்குக் குடிபோனார். பித்தளைப் பலகையை அவரே அளவெடுத்து மாட்டினார். மேலேயும் கீழேயும் ஒரே இடைவெளி. கண்ணாயிரம் அதன்மேல் சந்தனத்தில் ஒரு சுழி போட்டார். பலகை நடுவிலிருந்து கொஞ்சம் இறங்கின மாதிரித் தெரிந்தது, புகழேந்தி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். நாற்காலியின் உறையைப் பிரித்தார். உட்கார்ந்து ஒரு முறை சுற்றினார், வலமாக.

தண்ணீர்க்காரர் கேனோடு வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றார். கண்ணாயிரம் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரைக் கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்தினார். "நல்லா பாத்துக்கங்க. வேன் போர்டு இவரு அடுக்குனதுதான். அந்தக் கோப்ப இவங்களுக்குக் காட்டு புகழு. நானே படிச்சேன், எனுக்கே புரிஞ்சுது."

"அந்த போர்டுல ஓடறதையே நேரா எடுத்துக் காட்டறேன் சார்" என்றார் புகழேந்தி. நல்ல வெளிச்சம் விழுமாறு திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். கணினியைப் போர்டோடு இணைத்தார். பௌர்ணமி அன்று காலை கவிநிலா போனிலிருந்து அனுப்பியதைத் திறந்தார்.

வலப்பக்கமாக ஓடி, சுவரைத் தாண்டிப் போகிற மாதிரி, அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது.